பனங்கொட்டைக்கு ஒரு கண்ணாடிச் சுவர்

பனங்கொட்டை முளைக்கும்போது முதல் வேலையாகத் தன் கருவைக் கொட்டைக்கு வெளியே கொண்டுபோய் மண்ணின் ஆழத்தில் வைக்கிறது. இலையெல்லாம் பிறகுதான். புளியங்கொட்டைக்கும் மாங்கொட்டைக்கும் இந்தப் பழக்கம் இல்லை. விழுந்த இடத்திலேயே வேரைக் கீழேயும் தண்டை மேலேயும் விட்டுவிடும். பனையில் வித்திலை என்ற, விதைக்குள்ளேயே இருக்கும் இலையின் காம்பு குழாய்போல நீண்டு, நுனியில் கருவைச் சுமந்தபடி நேர்க்கீழாக இறங்கும். தேரி எனும் செம்மணல் மேட்டைப் போன்ற பொலபொலப்பான நிலத்தில் ஒரு முழத்துக்கு மேலும் போகும். அங்கே போய் நின்ற பிறகே வேர் கீழேயும் முதல் இலை மேலேயும் கிளம்பும். பங்குனி, சித்திரையில் மணல் கால் வைக்க முடியாதபடி காயும் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்தில் பிழைக்க வேண்டிய மரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

விலங்கு உடலில் என்றால் இதில் ஆச்சரியம் குறைவு. அங்கே செல்கள் நடக்கும். கோழிமுட்டையை அடைக்கு வைத்த முதல் நாளிலேயே கருத்தட்டின் மேற்பரப்புச் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து உள்ளே இறங்கத் தொடங்கிவிடுகின்றன. 1907-இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி கடற்பஞ்சாகிவிட்டன. தாவரச் செல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவர். அந்தச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் பெக்டின் பசையால் ஒட்டியிருக்கும். பிறந்ததிலிருந்து சாகும்வரை அக்கம்பக்கம் மாறாது. அப்படி இருக்கும்போது ஒரு கரு எப்படி முழ ஆழத்துக்கு இடம்பெயர்கிறது? இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் பெட்டி செய்தேன்.

பாளையங்கோட்டையில் பழைய மரச்சாமான் கடையொன்றில் அலமாரிக் கதவுக் கண்ணாடி கிடைத்தது. அதை ஒரு பக்கமாக வைத்து, மற்ற மூன்று பக்கமும் அடியும் பலகை அடித்து, மூன்றடி உயரமும் ஓரடி அகலமும் உள்ள ஒடுக்கமான பெட்டியாக்கினேன். ஆழம் அரையடிக்குச் சற்றுக் குறைவு. கொட்டை படுக்க அது போதும். அடிப்பலகையில் தண்ணீர் வடியத் துளைகள். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி வைத்தால் மணலின் எடையில் கண்ணாடி விரிசல் விடாது. கண்ணாடி மெல்லியதாக இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், ஈரமணல் கனக்கும்.

முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பெட்டியை நேராக நிறுத்தக் கூடாது. கண்ணாடிப் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து வைக்க வேண்டும். கீழே இறங்க முயலும் முளை அப்போதுதான் கண்ணாடியில் முட்டி அதை ஒட்டியே வளரும். நேராக நிறுத்தினால் அது மணலின் நடுவில் போய் மறைந்துவிடும், நாம் சிவப்பு மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரம் கறுப்புத் துணியால் கண்ணாடியை மூடிவைத்தேன்.

கொட்டையும் மணலும் உறவுக்காரர் ஒருவரின் விளையிலிருந்து, அதாவது பனந்தோப்பிலிருந்து, வந்தன. ஆவணியில் பழம் விழ விழப் பொறுக்கிச் சதையைக் கழித்துப் பாத்தி போடுவது அவருக்கு ஆண்டுதோறும் நடக்கும் வேலை. மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, லேசாக மண் தூவித் தண்ணீர் தெளிப்பார். மேடு எவ்வளவு உயரமோ கிழங்கு அவ்வளவு நீளம். நான் முளைத்துளை கீழே பார்க்குமாறு ஒவ்வொரு கொட்டையாகத் திருப்பி வைப்பதைப் பார்த்துவிட்டு, “எப்படிப் போட்டாலும் அது கீழேதான் போகும் தம்பி. நீங்கள் மெனக்கெட வேண்டாம்” என்றார். “தெரியும் அண்ணாச்சி, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்கத்தான் ஒன்றை மல்லாத்தி வைக்கிறேன்” என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முளை வெளியே வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல் பாத்தியிலிருந்து கொட்டைகளை எடுத்துப் பிளந்து பார்த்தேன். இதைச் செய்யாதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தவுன் தின்பதற்காக அரிவாளால் கொட்டையைப் பிளக்காத பிள்ளைப்பருவம் ஏது? ஆனால் அந்தத் தவுன் என்ன உறுப்பு என்று பார்த்தால் கதை வேறு. வித்திலையின் ஒரு முனை குழாயாகி வெளியே போகிறது. மறு முனை கொட்டைக்குள்ளேயே தங்கி, பஞ்சுபோல உப்பி, பருப்பைக் கரைத்துக் குடிக்கிறது. அந்த உறிஞ்சு உறுப்புதான் நாம் தின்கிற தவுன்.

பிளந்த கொட்டையில் இதைத் தொட்டே பார்க்கலாம். தவுனை ஒட்டிய பருப்பை நகத்தால் சுரண்டினால் வழவழவென்று வழிந்து வந்தது. அங்கிருந்து அரை விரற்கடை தள்ளிப் பிளேடு வழுக்கியது, அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டிப் பகுதியில் எப்படியோ ஒரு மெல்லிய சீவலை எடுத்துக் காகித நுண்ணோக்கியில் வைத்தேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் அது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், கைப்பேசிக் கேமராவோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். செல்லின் உள்ளிடம் சுருங்கிப்போய், சுவர்தான் இடத்தையெல்லாம் அடைத்திருந்தது. நெல்லும் கோதுமையும் உணவை மாவுமணியாகச் செல்லுக்குள் சேமிக்கின்றன. பனையோ மானன் என்ற சர்க்கரைச் சங்கிலியாகச் சுவரிலேயே அப்பி வைக்கிறது. முளைக்கும்போது நொதிகள் அந்தச் சுவரைக் கரைத்துச் சர்க்கரையாக்கும்.

இதே பருப்பு சித்திரையில் நுங்காக இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால் திசு உருவாகும் விதமே விளங்கிவிடும். இளங்காயில் முதலில் செல்லே இல்லை. உட்கருக்கள் மட்டும் பிரிந்து பிரிந்து நீருக்குள் மிதக்கும். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுவர் எழும்பிச் செல்களாக வகுபடும். நுங்கின் ஓரம் வழுக்கையாகவும் நடுவில் தண்ணீராகவும் இருப்பது இதனால்தான். விரலை விட்டுக் குடையும்போது முகத்தில் தெறிப்பது இன்னும் செல்லாகாத திசு.

சீவல் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. இளம் முளையை விரலில் பிடித்து அறுத்தால் நசுங்கும். கேரட்டைப் பாதியாகக் கீறி அதன் நடுவில் முளையைச் செருகி, புது பிளேடை நனைத்துக்கொண்டு கேரட்டோடு சேர்த்துச் சீவினால் மெல்லிய தகடுகள் வரும். தண்ணீர்த் தட்டில் போட்டு, கண்ணுக்கே தெரியாத அளவு மெலிந்ததைத் தூரிகையால் எடுக்கலாம். இதற்கு உருளைக்கிழங்கு வேண்டாம். மருந்துக்கடை அயோடின் கரைசலை விட்டுப் பார்க்கும்போது உருளையின் மாவும் கறுத்துப்போய், எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

இனி மை வைக்கும் கட்டம். 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அவரை வகை வேரில் சமதூரத்தில் மைக்கோடு போட்டு, எந்தக் கோடு விலகுகிறது என்று பார்த்தார். செலவே இல்லாத சோதனை. முதலில் தட்டாம்பயற்றில் பழகினேன். ஈரத்துணியில் முளைகட்டி, வேர் விரற்கடை நீளம் வந்ததும் நூலை இந்தியன் இங்க்கில் தோய்த்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோடு வைக்க வேண்டும். பேனா மை பரவிவிடும். மறுநாள் பார்த்தால் வேர் முழுவதும் ஒரேபோல நீண்டிருக்காது. நுனியை அடுத்த சில மில்லிமீட்டரில் மட்டும் கோடுகள் அகன்று கிடக்கும். அதற்கு மேலே உள்ளவை வைத்தது வைத்தபடியே இருக்கும். அக்கா மகள் அளவுகோலோடு உட்கார்ந்து அளந்துவிட்டு, “அப்படியென்றால் பழைய வேர் வளர்வதே இல்லையா மாமா?” என்றாள். நீளவாக்கில் இல்லை என்பதுதான் விடை. வேர்நுனியில் செல் பிரிகிறது, அதையடுத்துப் பின்னால் நீள்கிறது, அதற்கும் பின்னால் உள்ளது வேலையை முடித்துக்கொண்டு முதிர்கிறது.

பனைமுளையிலும் கண்ணாடியோரம் மணலைக் கொஞ்சம் ஒதுக்கிக் கோடு வைத்தேன். கொட்டையை ஒட்டியவை அசையவில்லை. நுனிப்பக்கம் வெளுப்பாக இருந்த இளம்பகுதியில் வைத்தவை விலகின. வேறு விதமாக நடந்தால்தான் வியக்க வேண்டும். முழ நீளக் குழாயை மேல்முனையிலிருந்து தள்ளி மணலுக்குள் இறக்க முடியாது, நடுவில் மடங்கிவிடும். நுனியருகே நீளும் செல்கள் தமக்கு முன்னால் இருக்கும் கருவைத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். கரு ஓரங்குலம்கூட நடக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்த செல்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நீண்டு கொடுத்ததால் அது முழ ஆழத்தில் கிடக்கிறது.

சீவலில் இது தெளிவாகத் தெரிகிறது. நுனியருகே செல்கள் சதுரக் கட்டங்களாக, நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போக அதே அகலத்தில் நீளம் மட்டும் கூடிக்கொண்டே வரும். உள்ளே புதுச்சரக்கு அவ்வளவாக இல்லை. நடுவில் உள்ள நீர்ப்பைதான் பெரிதாகிறது. செல் தண்ணீரை இழுக்கிறது, உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு ஏறுகிறது, சுவர் இளகிக் கொடுக்கிறது. சுவரை இளக்கும் புரதமான எக்ஸ்பான்சினை 1992-இல் டேனியல் காஸ்கிரோவ் குழுவினர் வெள்ளரி நாற்றில் கண்டுபிடித்தார்கள். சுவர் அமிலத்தன்மை அடையும்போது அது வேலை செய்யும்.

அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒன்றுதானே, பிறகு ஏன் உருண்டையாகப் பருக்காமல் நீள்கிறது? பெட்டிக்கு வைத்ததில் மிஞ்சிய சைக்கிள் ட்யூபை வைத்தே அக்கா மகளுக்கு இதைக் காட்டினேன். ட்யூபின்மேல் கயிற்றை வளையம் வளையமாக நெருக்கிச் சுற்றிவிட்டுக் காற்றடித்தால் பக்கவாட்டில் பருக்க இடமில்லை, நீளத்தான் வேண்டும். செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் அப்படித்தான் குறுக்கே சுற்றியிருக்கின்றன. இழையை எந்தத் திசையில் பின்னுவது என்பதைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வகுத்துக் கொடுக்கின்றன. நைட்டெல்லா என்ற பாசியின் நீளமான செல்லுக்குக் கால்ச்சிசின் என்ற நஞ்சைக் கொடுத்தால் அது திசை தெரியாமல் எல்லாப் பக்கமும் பருக்கிறது என்று 1962-இல் பால் கிரீன் காட்டினார். அங்கே ஏதோ குழல்போன்ற அமைப்பு இருக்க வேண்டும் என்ற அவருடைய ஊகம் மறு ஆண்டே உறுதியானது. லெட்பெட்டர், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்துவிட்டார்கள்.

கால்ச்சிசின் நமக்கு அந்நியமில்லை. மழைக்குப் பின் வேலிகளில் ஏறிப் பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே நஞ்சுதான். ஆளைக் கொல்லும் சரக்கு. ஆர்வத்தில் யாரும் அதை இடித்துச் சாறெடுத்துச் சோதனை செய்யப் போக வேண்டாம்.

செல் பிரிவதைப் பார்க்கப் பனை தோதுப்படாது. வெங்காயம்தான் நல்லது. டம்ளர் தண்ணீரில் அடி மட்டும் நனையுமாறு வெங்காயத்தை நிறுத்தி, வெள்ளை வேர் வந்ததும் நுனியை மட்டும் கத்தரித்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஓரிரவு வைக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெதுவெதுப்பாகச் சில நிமிடம். அப்புறம் அசிட்டோகார்மைன் சாயம். கண்ணாடித்தகட்டில் வைத்து மூடி, தாளைப் போட்டுக் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவும். விரலைத் தேய்த்தால் எல்லாம் சிதறும். குரோமோசோம்களை எண்ண ஃபோல்ட்ஸ்கோப் போதாது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கல்லூரி நுண்ணோக்கியைக் கேட்டுப் பார்த்தேன். வெங்காயத்துக்குப் 16. அழுத்தம் சரியாக விழுந்த செல்லில் அந்தப் பதினாறும் செந்நிற நறுக்குகளாகக் கிடந்தன. அமில வேலையைப் பெரியவர் துணையோடு, கதவு ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

மல்லாத்தி வைத்த கொட்டைக்கு வருகிறேன். முளை வெளியே எட்டிப் பார்த்ததுமே வளைந்து, கொட்டையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. அண்ணாச்சி சொன்னதில் பிசகில்லை. அதோடு விடாமல், நேராக இறங்கிக்கொண்டிருந்த தட்டாம்பயற்று வேர் ஒன்றையும் ஈரத்தாளோடு பக்கவாட்டில் படுக்கப் போட்டேன். காலையில் போட்டது அந்திக்குள் நுனியைக் கீழே திருப்பியிருந்தது. வளைவு விழுந்தது கோடுகள் அகன்ற அதே பகுதியில்தான். வளைவதும் வளர்ச்சிதான் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்: மேற்பக்கச் செல்கள் கூடுதலாக நீள, கீழ்ப்பக்கச் செல்கள் குறைவாக நீள, வேர் திரும்புகிறது.

கீழ் எது என்று அதற்குச் சொல்வது வேர்த்தொப்பியில் இருக்கும் மாவுமணிகள். படுக்கப் போட்டால் அவை செல்லின் புதிய அடிப்பக்கத்தில் போய் அமரும். 1900-இல் ஹேபர்லாண்ட், நெமெக் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். அதன்பின் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்ப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்ந்து அங்கே நீட்சியைக் குறைக்கிறது. வேர்நுனியைச் சீவி அயோடின் விட்டால் தொப்பியில் அந்த மணிகள் கறுநீலமாகத் தெரியும். கேரட்டில் சீவிய பலன் இங்கேதான் கிடைக்கும்.

மார்கழிக் கடைசியில், பொங்கல்படி எனும் பொங்கல் சீருக்காக அண்ணாச்சி பாத்தியைப் பிரித்தபோது நானும் பெட்டியைப் பிரித்தேன். காகிதம்போலிருந்த மேலுறை வித்திலைக் குழாயின் மிச்சம். உள்ளே மாவு ஏறிப் பருத்து நிற்பது முதல் இலைகளின் அடியுறை. அயோடின் பட்டதும் வெட்டுமுகம் முழுக்கக் கறுத்தது. கொட்டையின் சுவரில் மானனாக இருந்ததெல்லாம் தவுன் வழியாகச் சர்க்கரையாக இறங்கி இங்கே மாவாக மாறியிருக்கிறது. கொட்டை எடை இழந்து, கையில் தட்டினால் கலகலத்தது. இனி இந்த மாவை எடுத்துக்கொண்டு இலை மேலே போகும். நேரத்துக்குப் பிடுங்காத கிழங்கு நாராகிப்போவதற்கு அதுதான் காரணம்.

கிழங்கை இரண்டாகக் கீறினால் நடுவில் வரும் பீலியைப் பலரும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் கிழங்கில் பார்க்க வேண்டியதே அதுதான். பீலி என்பது இன்னும் வெளியே வராத இலை. அதைக் குறுக்கே மெல்லிதாகச் சீவி லென்சில் பார்த்தேன். இலைத்தகடு மேலும் கீழும் மடிந்து மடிந்து, இடம் துளிகூட வீணாகாமல் அடைந்திருந்தது. விரிந்த இலையை யாரும் மடித்து உள்ளே வைக்கவில்லை. அது மடிப்பாகவே வளர்கிறது. விளிம்பு கட்டுப்பட்டிருக்க, இடையிலுள்ள திசு அதிகமாக வளரும்போது மடிவதைத் தவிர வழியில்லை. பனை வளர்ந்த பின் வரும் விசிறி ஓலைக்கும் தொடக்கம் இதுவே. அங்கே கூடுதலாக, மடிப்புவாக்கில் திசு பிரிந்து தனித்தனி விரல்களாகும். முருங்கை இலையில் சிற்றிலைகள் தனித்தனி மொட்டுகளாக அரும்புகின்றன. பனை முதலில் ஒரே தகடாக வளர்ந்துவிட்டுப் பிறகு கிழித்துக்கொள்கிறது.

ஒரு நாள் அண்ணாச்சியின் விளையில் வளர்ந்த பனைகளையும் சுற்றிப் பார்த்தேன். ஏறுவதற்காக எப்போதோ வெட்டிய கொத்துகள் அடிமரத்தில் அப்படியே இருந்தன, ஓரம்கூட மூடவில்லை. பக்கத்து வேம்பில் அடித்த ஆணியைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது. வேம்புக்குப் பட்டையடியில் கேம்பியம் என்ற ஆக்குத்திசு வளையம் உண்டு; ஆண்டுதோறும் புதுச்செல் போட்டுப் பருக்கும், காயத்தை மூடும். பனைக்கு அந்த வளையம் கிடையாது. பருக்க வேண்டியதை நிலத்துக்குள்ளும் நிலமட்டத்திலும் வடலியாக, அதாவது இளம்பனையாக, நிற்கும் ஆண்டுகளிலேயே பருத்துக்கொண்டு, அகலம் அமைந்த பிறகுதான் மரமாக உயரும். வடலி வளரவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் அதன் ஆக்குத்திசு. அது போனால் மரம் போச்சு. அடிமரத்தில் இருக்கும் உயிருள்ள செல்களுக்கு மாற்று வருவதில்லை. நூறு வயதுப் பனையின் அடியில் ஏறக்குறைய அதே வயதுச் செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

செய்து பார்க்க நினைப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் கொட்டை சேர்த்துவிட வேண்டும். சதையைக் கழித்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சதை ஒட்டியிருந்தால் வண்டு வரும். தேரி மணல் கிடைக்காதவர்கள் ஆற்றுமணலில் கொஞ்சம் செம்மண் கலந்துகொள்ளலாம். களிமண் மட்டும் கூடாது, முளை கோணிவிடும். தண்ணீர் தெளிப்பது போதும், ஊற்றினால் கொட்டை அழுகும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தையல்காரர் டேப்பை ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் அளவுகோல் தேட வேண்டியிருக்காது. பனை கிடைக்காத ஊர்க்காரர்கள் தட்டாம்பயறு, நூல், இந்தியன் இங்க் மூன்றோடு தொடங்கலாம். இரண்டு நாளில் கோடு விலகுவது தெரிந்துவிடும்.